தோல்விக்கு மூன்றாவது காரணம்

எங்கள் பனித்தள ஹொக்கி அணி தோற்றால் இந்த நகரத்தில் இரண்டு காரணங்கள் சொல்லப்படும். ஒன்று, கோல்காப்பாளர், அதாவது கோலி, சரியில்லை. மற்றது, ஐந்துக்கு ஐந்தில் கோல் அடிக்க ஆளில்லை. எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே இருக்கும்போது அடிக்கிற கோலை இங்கே யாரும் பெரிதாக மதிப்பதில்லை. இரு பக்கமும் ஐந்து பேர் முழுதாக நிற்கும்போது அடித்தால்தான் அது அணி. மெட்ரோவிலும் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையிலும் டெப்பனர் எனும் மூலைக்கடையில் பாலுக்குக் காசு கொடுக்க நிற்கும்போதும் இந்த இரண்டு காரணங்களும் மாறி மாறிக் காதில் விழும்.

மூன்றாவது காரணம் ஒன்று புறநகரான கர்க்லாண்டில் என் தம்பி வீட்டின் பேஸ்மென்டில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் அதை ஒருநாளும் என் முன்னால் சொல்லவில்லை. காரணம் நான்தான் என்பதால் அது மரியாதையாகவும் இருக்கலாம்.

அந்த பேஸ்மென்டில் சனிக்கிழமைகளில் கூடுகிறவர்கள் மிகச் சிலர். தம்பியும் அவன் மனைவியும். என் கணவரோடு துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டிய நண்பர். தம்பியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த சென்னை இளைஞர் ஒருவர். பிறகு நானும் என் கணவரும். தொலைக்காட்சிக்கு நேர் எதிரே இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு பழைய சோபா உண்டு. அது எங்களுடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நாங்கள் பிந்திப் போனாலும் அது காலியாகவே இருக்கும்.

தம்பி கோல்காப்பாளரைக் குற்றம் சாட்டும் கட்சி. "நேரத்தோடை முழங்காலிலை விழுந்திடுறான். பேந்து அவங்கள் மேலாலை அடிக்காமல் என்ன செய்வாங்கள்" என்பான். லொறி நண்பர் மறு கட்சி. முன்னுக்கு நிற்பவர்கள் ஐந்துக்கு ஐந்தில் ஒன்றைக்கூட உள்ளே தள்ள வக்கில்லாமல் இருக்கும்போது பின்னுக்கு நிற்கிறவனைப் பேசுவது அநியாயம் என்பது அவர் வாதம். சென்னைக்காரர் மடிக்கணினியைத் திறந்து, எந்த இடத்திலிருந்து எத்தனை முறை அடித்தார்கள் என்று வண்ணப் புள்ளிகளைக் காட்டுவார். காட்டிவிட்டு, "அண்ணா, நீங்க ரெண்டு பேர் சொல்றதுலயும் பாயின்ட் இருக்கு" என்பார். அது இருவருக்கும் பிடிக்காது. "தம்பி, நீர் கோயில் ஐயர் மாதிரி. வாற எல்லாருக்கும் விபூதி குடுக்கிறீர்" என்று லொறி நண்பர் ஒருமுறை சொன்னார். சென்னைக்காரரே அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

என் கணவர் அதிகம் கதைப்பதில்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் களைத்த பிறகு ஒரு வசனம் சொல்வார். "கோலி ஒரு நாளும் வெல்ல மாட்டான். அவனாலை ஏலுமானது பூச்சியம். அதுக்கு மேலை வேணுமெண்டால் மற்றவை அடிக்க வேணும்." எந்தத் தோல்விக்கும் இதே வசனம்தான். தம்பி அதைக் கேட்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவான்.

அவருடைய பிரெஞ்சு ஹொக்கி பிரெஞ்சு. துறைமுகத்தின் கிழக்கு முனையில் கொள்கலனுக்காக வரிசையில் நிற்கும் மணித்தியாலங்களில், லொறி வானொலியில் நேயர்கள் அழைத்துச் சண்டை பிடிக்கும் நிகழ்ச்சிகளைக் கேட்டுக் கற்றது. கோபப்படவும் குறை சொல்லவும் காயங்களை விவரிக்கவும் அவருக்கு அந்த மொழி நன்றாக வரும். வாடகை ஒப்பந்தம் வாசிக்க வராது. இங்கே அணிகள் வீரர்களின் காயத்தை விளக்கிச் சொல்வதில்லை. மேலுடம்புக் காயம், கீழுடம்புக் காயம் என்று இரண்டே வகையில் அறிவிப்பார்கள். கடைசி முறை அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, வைத்தியர் பிரெஞ்சில் நீளமாக விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்காமல் கணவரைப் பார்த்தேன். "மேலுடம்புக் காயம்" என்றார் தமிழில். வைத்தியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல். அது இலையுதிர் காலத்தின் நடுப்பகுதி. அணி அந்த வாரம் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தது.

என் கணவரின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்து முதல் சனிக்கிழமை தம்பியே என்னைத் தேடி வந்தான். "தனிய இருந்து என்ன செய்யப் போறாய்? வெளிக்கிடு" என்றான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் அல்ல. பின்னால் நடந்தவற்றை எழுதும்போது இந்த ஒரு வசனத்தைக் கீழே தள்ளிவிட வசதியாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஆளைப் பற்றிய நல்ல தகவலைச் செய்தியின் கடைசிப் பந்திக்குத் தள்ளினால் அது அச்சுக்குப் போகாது என்று பழகியிருக்கிறேன். இடம் போதாவிட்டால் கடைசிப் பந்திதான் முதலில் வெட்டப்படும். ஆகவே இதை இங்கேயே வைக்கிறேன்.

நான் போனேன். சோபாவில் என் பக்கத்தில் இருந்தேன். மற்றப் பக்கம் காலியாக இருந்தது. யாரும் அதில் இருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கூட வைக்கவில்லை. தம்பியும் லொறி நண்பரும் வழமைபோல வாதாடினார்கள். முடிவில் எல்லோரும் ஒரு கணம் சோபாவைப் பார்த்தார்கள். அந்த வசனத்துக்கான இடம் அது. "கோலியாலை ஏலுமானது பூச்சியம்" என்று நான் சொன்னேன். தம்பி கும்பிடவில்லை. கண்ணைத் துடைத்தான். அந்த வீட்டைத் தவிர வேறெங்கும் யாரும் அவரைப் பற்றி என்னோடு கதைப்பதில்லை. நான் வேலை செய்யும் கார்டெரியின், குழந்தைகள் காப்பகத்தின், சமையலறையில் அவர் ஒரு படிவத்தில் இருந்து அழிக்கப்பட்ட பெயர். என் அடுக்குமாடியில் அவர் இறங்கிப் போன ஒரு குடியிருப்பாளர். சனிக்கிழமை எனக்கு எதற்காக வேண்டியிருந்தது என்பதை இதற்கு மேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு அணி தோற்கத் தொடங்கியது.

எல்லா அணியும் தோற்கும். காரணங்கள் கண்முன்னே இருந்தன. நல்ல பாதுகாப்பு வீரர் ஒருவர் கீழுடம்புக் காயத்தோடு வெளியே இருந்தார். முதல் வரிசை தாக்குதல் வீரர்கள், தண்டனை நேரத்தில் மட்டும் அடித்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் பக் எனும் ரப்பர் வட்டைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு திரிந்தார்கள். கோல்காப்பாளர் பிடிக்கும் கையின் கையுறைப் பக்கத்தால் கோல்களை விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு கமெரா அவர் முகத்துக்குப் போகும். முகமூடியை மேலே தள்ளி, வலைக்கு மேலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, தாகம் இல்லாதவரைப் போல ஒரு மிடறு குடிப்பார். அந்தப் பனிக்காலம் முழுவதும் நான் பார்த்த முகங்களில் அதைத்தான் அதிகம் பார்த்தேன்.

தை மாதத்தில் ஒரு ஆட்டம். நாங்கள் ஒரு கோலால் முன்னுக்கு நின்றோம். நான் மேலே போய் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு படியிறங்கி வந்தேன். கடைசிப் படியில் கால் வைக்க எதிரணி அடித்துவிட்டது. லொறி நண்பர் திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, நீங்கள் மேலையே நிண்டிருக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அது நல்ல பகிடி.

அடுத்த சனிக்கிழமை அதே பகிடியை யாரும் சொல்லவில்லை. பகிடி ஒன்று இரண்டாம் முறை சொல்லப்படாமல் விடப்பட்டால் அது எங்கே போகிறது என்று கவனிக்க வேண்டும். அது சிலவேளை நம்பிக்கையாக மாறியிருக்கும்.

அதற்குப் பின் வந்த மாற்றங்கள் எல்லாம் சிறியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான விளக்கம் இருந்தது. தொலைக்காட்சிக்கு மேலே இருந்த தட்டில் ஒரு பிள்ளையார் படம் வந்தது. ஆட்டம் தொடங்கும் முன் தம்பியின் மனைவி, என் மச்சாள், கீழே வந்து அதற்கு முன்னால் ஒரு மின்விளக்கை ஏற்றி, தன் கையால் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு மேலே போகத் தொடங்கினார். மச்சாளுக்கு ஹொக்கியில் ஆர்வம் இல்லை. பக் எங்கே போகிறது என்று அவருக்கு இன்றுவரை கண்ணில் பட்டதில்லை. இதற்கு முன் தொலைக்காட்சியை யார் முதலில் வருகிறார்களோ அவர்கள்தான் போடுவார்கள். பல முறை நான்.

தம்பி என்னை மெட்ரோவின் கடைசி நிலையத்திலிருந்து காரில் ஏற்றிப் போவது வழக்கம். நேரம் தவறாதவன். மாசியில் அவன் பிந்தத் தொடங்கினான். பனி அள்ளுகிறார்கள், பாலத்தடியில் திருத்தவேலை, அலுவலகத்தில் ஒரு கூட்டம். நாங்கள் வீட்டுக்குப் போகும்போது ஆட்டத்தின் மூன்று கட்டங்களில் முதலாவது பாதி ஓடியிருக்கும். போனதும் மச்சாள் என்னைச் சமையலறையில் மறிப்பார். "மச்சாள், உங்கடை கைப்பக்குவம் எனக்கு வராது. இந்த ரோல்ஸை ஒருக்காப் பொரிச்சுத் தாங்கோ." மச்சாளின் ரோல்ஸ் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். இது அந்தக் குடும்பம் முழுவதும் அறிந்த விஷயம். நான் அடுப்படியில் நின்று பொரித்தேன். கீழேயிருந்து சத்தம் வரும். நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று மச்சாள் காது கொடுத்துக் கேட்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் கட்டம் முடிய நான் கீழே போவேன். சோபா சுவரோரமாக, தூணுக்குப் பக்கத்தில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. வெளிச்சம் திரையில் படுகிறது என்று சொன்னார்கள். அங்கிருந்து பார்த்தால் திரையின் ஒரு மூலை தூணில் மறையும். இடது பக்கக் கோல்வாசல் எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் வாதம் நிற்கவில்லை. முன்னையைவிடச் சூடாக நடந்தது. தம்பி கோல்காப்பாளரை விற்றுவிட வேண்டும் என்றான். லொறி நண்பர் ஐந்துக்கு ஐந்தில் அடிக்கக்கூடிய ஒரு நடுவரிசை வீரரை வாங்காமல் யாரை விற்றும் பலனில்லை என்றார். சென்னைக்காரர் புள்ளிகளைக் காட்டினார். தடுத்த வீதம், அடிக்கும் கோணம், பட்டுத் திரும்பிய பக், எல்லாவற்றையும் அலசினார்கள். அவ்வளவு அறிவோடு கதைக்கிற மனிதர்கள், மேலே ஒரு பெண்ணை எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

எப்படியோ அணி இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்துவிட்டது. சித்திரை வருடப் பிறப்பும் அந்தத் தொடரின் தொடக்கமும் இங்கே அநேகமாக ஒரே கிழமையில்தான் வரும். தம்பியும் லொறி நண்பரும் இந்த நகரத்து ஆண்கள் எல்லோரையும் போலத் தாடி வளர்த்தார்கள். அணி தொடரை விட்டு வெளியேறும்வரை மழிக்கக்கூடாது. கார்களில் கொடிகள் வந்தன. சொந்த மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தைப் பார்க்க நானும் தம்பி வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு ரோல்ஸுடன் கட்லட்டும் பொரிக்க வேண்டியிருந்தது. நான் படியிறங்கும்போது இரண்டு கோலால் பின்தங்கியிருந்தோம். என்னைக் கண்டதும் லொறி நண்பர் நிலத்தைப் பார்த்தார். அந்த மனிதர் என் கணவரின் பாடையைத் தூக்கியவர்களில் ஒருவர்.

தோற்றோம். சென்னைக்காரர் நகரத்துக்குள் வசிப்பதால் அன்று என்னை அவர் காரில் கூட்டி வந்தார். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு, "அக்கா, ஒண்ணு கேக்கலாமா? முழுவியளம்னா என்னக்கா?" என்றார்.

ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். நான் மேலே சமையலறையில் நின்றபோது கீழே கதைத்தார்களாம். முழுவியளம் சரியில்லை, என்ன செய்தும் பலனில்லை என்று லொறி நண்பர் சொன்னாராம். அது ஏதோ கோல்காப்பாளரின் பயிற்சி சம்பந்தமான சொல் என்று இவர் நினைத்திருக்கிறார். ஆனால் அதைச் சொன்ன பிறகு தம்பி மேலே பார்த்து, "மெதுவாக் கதையுங்கோ" என்றானாம்.

நான் விளங்கப்படுத்தினேன். எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது முதலில் கண்ணில் படுகிற ஆள் யார் என்று பார்ப்பார்கள். அந்த ஆளைப் பொறுத்துக் காரியம் நடக்கும் அல்லது நடக்காது. சோதனைக்குப் போகிற பிள்ளைக்கு எதிரே கணவன் உள்ள ஒரு பெண்ணைச் சொல்லி வைத்து வரச் செய்வார்கள். எதிரே வரக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவர்களாகவே விலகி நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பார்கள்.

அவர் காரின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "எங்க ஊர்லயும் இருக்குக்கா. சகுனம்னு சொல்வோம்" என்றார். வீதியையே பார்த்துக்கொண்டு, "சாரிக்கா" என்றார். எதற்காக என்று நான் கேட்கவில்லை. அந்த அறையிலிருந்து எனக்கு வந்த ஒரே வருத்தம், அதில் பங்கில்லாத ஒருவரிடமிருந்து வந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு முதல் நாள் தம்பி அழைத்தான். கார் கராஜில் நிற்கிறதாம். என்னைக் கூட்டிப் போக வழியில்லையாம். நானே பஸ்ஸில் வருவேன் என்றால் அவன் என்ன செய்வான் என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவன் இன்னொரு பொய்யைத் தேடி அலைவதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு விருப்பமில்லை.

ஆட்டம் நடந்த நேரம் நான் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறையில் இருந்தேன். உடுப்புத் தோய்த்து, உலர்த்தி, மடித்தேன். வேண்டுமென்றே மெதுவாக மடித்தேன். அங்கே தொலைபேசி சமிக்ஞை கிடைக்காது. மேலே வந்து ஜன்னலைத் திறந்தபோது தெருவில் கார் ஹார்ன் சத்தம் இல்லை. வென்றால் ஹார்ன் அடிக்கிற இந்த நகரத்தில் முடிவு தெரிந்துகொள்ள அது போதும்.

காலையில் தம்பி அழைத்தான். சுகம் விசாரித்தான். சாப்பிட்டாயா என்றான். பிறகு, சும்மா கேட்பது போல,

"அக்கா, நேற்று நீ வீட்டிலை இருந்து மட்ச் பாத்தனியோ?"

"இல்லை."

"கொஞ்சமும் பாக்கேல்லையோ?"

"இல்லைத் தம்பி. உடுப்புத் தோய்ச்சனான்."

அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு கேட்டான்:

"ரேடியோவிலை?"

நான் பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் எத்தனையோ விசாரணைகள் பற்றிய செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். சந்தேகநபர் அந்த இடத்திலேயே இல்லை என்று நிரூபணமான பிறகும் விசாரணையைத் தொடர்கிற குரல் எனக்குத் தெரியும். "ரேடியோவும் இல்லை" என்றேன். "ஐஞ்சுக்கு ஐஞ்சிலை அடிச்சவையோ?"

"எங்கை அடிச்சவங்கள்" என்றான். அவனுக்கு அந்தக் கேள்வி பெரிய ஆறுதலாக இருந்தது. உடனே கோல்காப்பாளரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான். முழங்கால், கையுறைப் பக்கம், விற்க வேண்டும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "அடுத்த மட்சையும் நீ பாக்காமல் விடன் அக்கா. உனக்கும் பிறஷர் இருக்கு" என்றான்.

எனக்குப் பிறஷர் இல்லை. அடுத்த ஆட்டத்தை நான் பார்த்தேன். தேசிய கீதத்திலிருந்து கடைசி மணி வரைக்கும், இடையில் எழும்பாமல். எங்கள் வீட்டில் இருப்பது அவர் எப்போதோ வாங்கிய சின்னத் தொலைக்காட்சி. பக் அதில் ஒரு மிளகு அளவுதான் தெரியும். அன்று கோல்காப்பாளர் எதையும் விடவில்லை. இரண்டு கோல் அடித்தோம், இரண்டும் ஐந்துக்கு ஐந்தில். மணி அடித்ததும் அவர் முகமூடியை மேலே தள்ளி, போத்தலை எடுத்து, அன்றைக்குத்தான் உண்மையான தாகத்தோடு குடித்தார். தெரு முழுக்க ஹார்ன் சத்தம். எதிர் பல்கனியில் யாரோ சட்டியைத் தட்டினார்கள்.

காலையில் நான் எதிர்பார்த்தபடி அழைப்பு வந்தது. தம்பிக்குச் சந்தோஷத்தில் குரல் கட்டிப் போயிருந்தது.

"அக்கா, வெண்டிட்டம். நீ பாக்கேல்லைத்தானே?"

"பாத்தனான்" என்றேன். "முழுக்கப் பாத்தனான். துவக்கத்திலையிருந்து."

இதைச் சொல்வதற்காக நான் காத்திருந்தேன். இந்த ஒரு தகவலோடு அந்த மூன்றாவது காரணம் விழுந்துவிடும் என்று நினைத்தேன். நான் இல்லாமல் தோற்றார்கள். நான் பார்க்க வென்றார்கள். இதைவிடத் தெளிவான மறுப்பு எந்தச் செய்திக்கும் கிடைப்பதில்லை. மறுமுனையில் அவன் யோசித்தான். அவன் நேர்மையாகத்தான் யோசித்தான் என்று நம்புகிறேன்.

"அப்ப வீட்டிலை இருந்து பாத்தா நல்லதுபோலை அக்கா" என்றான். "இனி அப்பிடியே செய்."

அணி அந்தச் சுற்றைத் தாண்டவில்லை. கடைசி ஆட்டம் வேறு நகரத்தில் நடந்தது. தம்பியும் லொறி நண்பரும் தாடியை மழித்தார்கள்.

கோடையில் ஹொக்கி இல்லை. ஆகவே கோடையில் எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. இல்-பிசார் தீவில் ஒரு ஞாயிறு, லவாலுக்குப் போகும் படகுத்துறைக்குப் பக்கத்தில் புல்லில் பாய் விரித்து எல்லோரும் கூடினோம். தம்பி என்னைக் கூட்டிப் போக வந்தான். சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்து கீழே காத்திருந்தான். மச்சாள் ரோல்ஸ் தானே பொரித்துக் கொண்டுவந்திருந்தார். நல்ல சுவையாக இருந்தது. கோழி வாட்டிக்கொண்டே ஆண்கள் அடுத்த பருவத்தைப் பற்றி வாதாடினார்கள். கோல்காப்பாளரை விற்பதா, வைத்திருப்பதா. லொறி நண்பர் இடுக்கியால் கோழியைப் புரட்டியபடி சொன்னார்:

"தங்கச்சியின்ரை மனுசன் சொன்னதுதான் சரி. கோலியாலை ஏலுமானது பூச்சியம். என்ன தங்கச்சி?"

அவர் அதை அன்போடு சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சென்னைக்காரர் மட்டும் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வசனத்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது. சொன்னவரையும் வைத்துக்கொண்டார்கள். நான்தான் மிச்சம். தம்பியைத் தனியே கூட்டிப்போய் நேரே கேட்டுவிடலாமா என்று யோசித்தேன். கேட்டால் இல்லை என்பான், சத்தியம் செய்வான், அழவும் கூடும். ஒரு மறுப்பை வாங்கி நான் எங்கே பிரசுரிப்பது? "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னேன்.

புரட்டாதி கடைசியில், பருவத்தின் முதல் ஆட்டம் நடக்க இருந்த கிழமை, தம்பி தொலைபேசியில் கேட்டான்: "அக்கா, உன்ரை டிவி வடிவா வேலை செய்யுதோ?"

வேலை செய்கிறது என்றேன். ஆனாலும் ஆட்டம் நடக்கிற அன்று பின்னேரம் அவன் வந்தான், தோளில் பெரிய பெட்டியோடு. மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தான். துளைபோடும் இயந்திரம், ஆணி, மட்டம் பார்க்கும் கருவி எல்லாம் கொண்டுவந்திருந்தான். என் கணவரின் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் அளந்து, குறித்து, துளைத்து, தூசியைத் தானே கூட்டி அள்ளினான். கேபிள் இணைப்புக்குத் தன் பெயரில் ஏற்பாடு செய்திருந்தான். எல்லா ஆட்டமும் வரும், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். படம் வந்தபோது அறை முழுக்கப் பனித்தளத்தின் வெள்ளை வெளிச்சம் பரவியது. வீரர்கள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு சுற்றிச்சுற்றி ஓடினார்கள். கோல்காப்பாளரை விற்றிருக்கவில்லை. அவர் தன் இடத்தில் குந்தி, சறுக்குச் சப்பாத்தின் கத்தியால் பனியைக் கீறிக்கொண்டிருந்தார். முகம் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது.

"இனி வடிவாப் பாக்கலாம்" என்றான் தம்பி. நெற்றியில் வேர்வை. அவனுக்கு உண்மையான திருப்தி.

"நீயும் இருந்து பாத்திட்டுப் போவன்" என்றேன். "ரோல்ஸ் இருக்கு."

அவன் கை மணிக்கூட்டைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லை அக்கா. அங்கை எல்லாரும் வந்திடுவினம்."

சப்பாத்துக் கயிற்றைக் கட்ட அவனுக்கு வழமையைவிட அதிக நேரம் எடுத்தது. போனான். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தேன். அவ்வளவு பெரிய திரையில் எல்லாம் தெரிந்தது. தூண் எதுவும் மறைக்கவில்லை. இரண்டு கோல்வாசலும் தெரிந்தன. கோல்காப்பாளர் மூன்றை விட்டார், ஒன்று கையுறைப் பக்கத்தால். எங்களுக்கு ஐந்துக்கு ஐந்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தெரு அமைதியாக இருந்தது.

காலையில், நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, தொலைபேசி அடித்தது. திரையில் தம்பியின் பெயர். மேசையில் அதை வைத்தபடியே குளிர்ச்சட்டையைப் போட்டேன், பொத்தான்களைப் பூட்டினேன். அது அடித்து ஓய்ந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் அது மறுபடி அடிக்கத் தொடங்கியபோது நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.